துளை போடக் கூடாத மாதங்கள்

என் வீட்டுக்காரர் ரத்னவேல் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் பாதி செத்துப்போன பிறகு, நான் பிசைந்து கொடுத்தால் சாப்பிட்டார், நான் மாட்டிவிட்டால் சட்டை போட்டுக்கொண்டார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் என்னைக் கிட்டே சேர்க்கவில்லை. கழிப்பறைக்குத் தானேதான் போவார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, ஹாலிலிருந்து பதினான்கு எட்டு நடை. உள்ளே போனதும் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். "தாழ்ப்பாள் போடாதீங்க, விழுந்தா நான் எப்படி உள்ள வர்றது" என்றால், "இது ஒண்ணாவது என் கையில இருக்கட்டும் சாமுண்டி" என்பார்.

அந்தத் தாழ்ப்பாளை அவரிடமிருந்து பிடுங்கியவள் நான்தான். பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று பார்த்தேன். டைல்ஸ் போட்ட காதர் பாய் தலையில் கொஞ்ச நாள் கட்டியும் வைத்தேன். நிற்கவில்லை.

எங்கள் வீடு உட்லண்ட்ஸில் பதினோராம் மாடி. கழிப்பறையில் முப்பது வருடத்து வெள்ளை டைல்ஸ், தேய்ந்து தேய்ந்து ஈரம் பட்டால் வழுக்கும். வீட்டைப் பார்க்க வந்த பிசியோதெரபி பெண் காலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அங்கிள் இதுல நடக்கவே கூடாது ஆன்டி, சொரசொரப்பான டைல்ஸா மாத்துங்க" என்றாள். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி ஏற்கெனவே இருந்தது. தரைதான் பாக்கி. வீட்டில் இன்னொரு கழிப்பறை உண்டு, ஆனால் அது மகன் அசோக்கும் மருமகள் நிவேதிதாவும் படுக்கும் அறைக்குள்ளே இருக்கிறது. "மருமக படுக்கிற ரூமுக்குள்ள நான் போவேனா" என்று அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான், தைப்பூசம் முடிந்த வாரம், நிவேதிதா உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். ஆறு வாரம். இது இரண்டாம் தடவை. முதலாவது போன வருடம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. கலைவதற்கு நாலு நாள் முன்னால்தான் அவள் கல்யாணப் படத்தை மாட்டுகிறேன் என்று சுவரில் ஆணி அடித்தாள். பிள்ளை உண்டான வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது. என் அம்மா சொன்னாள், என் மாமியார் சொன்னார், கீழ் வீட்டுச் சீன அம்மாகூட அதையேதான் சொல்கிறார். படித்த பெண்ணுக்கு அதெல்லாம் எங்கே ஏறும்?

கலைந்ததற்கு அவளும் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் என் வாய்க்கு என்றைக்குப் பூட்டு இருந்தது? என் நாத்தனார் சரஸ்வதி துக்கம் விசாரித்துப் போன் பண்ணியபோது, "நாம என்ன செய்யறது, அவளே தன் கையால ஆணி அடிச்சு வாரிக் குடுத்துட்டா" என்றேன். திரும்பிப் பார்த்தால் நிவேதிதா சமையலறை வாசலில் நிற்கிறாள், கையில் வெறும் கிளாஸ். ஒன்றும் காதில் விழாத மாதிரி தண்ணீர் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனாள். மறுநாள் அசோக் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டான். சுவரில் ஓட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்தத் தடவை விடுவேனா நான்? வீட்டில் சுத்தியல் இருந்த டப்பாவையே எடுத்து ஒளித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை சாமிக்குத் தேங்காயைக்கூடக் கட்டடத்துக்கு அடியில் திறந்து கிடக்கும் வாய்ட் டெக்குக்குக் கொண்டுபோய் உடைத்து எடுத்து வந்தேன். வழியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அப்துல் காதரை நாங்கள் காதர் பாய் என்போம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டைல்ஸும் குழாய்ச் சாமானும் விற்கும் கடை அவருடையது. சின்ன வேலைக்கு அவரே ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். எங்கள் சமையலறை அவர் கைப்பட்டதுதான், பன்னிரண்டு வருடமாகியும் ஒரு டைல்ஸ் அசையவில்லை. வந்து பார்த்தவர், "பழசை உடைச்சு எடுத்துட்டுப் புதுசு போட்டுடலாம்க்கா, மூணு நாள் வேலை" என்றார்.

"உடைக்கிற பேச்சே வேணாம் பாய். மருமக உண்டாகி இருக்கா."

"மாஷா அல்லாஹ். அப்ப பழசு மேலயே புதுசை ஒட்டிடுவோம். ஆனா தரை ரெண்டு சென்டிமீட்டர் ஏறிடும். கழிவுக் குழாய் வாயில ஒரு வளையம் இருக்கு பாருங்க, ஃபிளாஞ்ச்சுன்னு சொல்வோம், டாய்லெட் கோப்பை அதும்மேலதான் உக்காரும். தரை ஏறினா அது பள்ளத்துல போயிடும். இன்னொரு வளையம் வச்சு அதைத் தரை மட்டத்துக்குத் தூக்கணும். நாலு ஸ்க்ரூ தரைக்குள்ள இறங்கணும். டிரில் போட்டே ஆகணும்க்கா."

"டிரில்லும் கூடாது."

"நாலே ஓட்டைக்கா. அஞ்சு நிமிஷம்."

"ஓட்டைன்னா ஓட்டைதான்."

பாய் தலையைச் சொறிந்தார். "எங்க வீட்லயும் பெரியவங்க இதெல்லாம் பாப்பாங்க, நான் குறை சொல்லல. பொண்ணை ரெண்டு நாள் அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்களேன்."

நிவேதிதாவின் அம்மா வீடு கிளமெண்டியில் இருக்கிறது. அனுப்பினால் அந்த அம்மாள் திருப்பி அனுப்பமாட்டாள், பிரசவம் வரைக்கும் அங்கேயே வைத்துக்கொள்வாள் என்று எனக்கு ஒரு பயம். அதை வெளியே சொல்லவில்லை. "அவ எங்க இருந்தாலும் இது அவ வீடு பாய். வீட்டைத்தான் குத்தக் கூடாது" என்றேன். அதுவும் உண்மைதான், பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்போது அசோக் குறுக்கே வந்தான். "அம்மா, டிரில் போடட்டும்மா. பரவால்ல."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ பேசாம இரு."

நிவேதிதாவும் அறை வாசலில் நின்று, "ஒண்ணும் ஆகாது அத்தை, போடச் சொல்லுங்க" என்றாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. மசக்கை என்று நினைத்தேன். அந்த மசக்கையிலும் திமிர் போகவில்லையே என்றும் நினைத்தேன். "போன தடவையும் நீ இப்படித்தான் ஒண்ணும் ஆகாதுன்னே" என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அசோக் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பின்னால் போனான்.

என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சாமுண்டி சொல்றபடியே செய்ங்க பாய். புள்ள விஷயம்" என்றார். பேரப்பிள்ளை என்றால் அவருக்கு அத்தனை ஆசை. ஆக, வீட்டுக்கு எஜமானே சொல்லிவிட்டார்.

பாய் கடைசியாக ஒரு தடவை சொன்னார். "ரெண்டு ரப்பர் வளையத்தை ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, கோப்பையைச் சுத்தி வெள்ளை சிமெண்டும் சிலிக்கானும் அப்பிவிடுறேன். ஆனா இது தப்பு வேலைக்கா. பசை எத்தனை நாளைக்கு ஆளைத் தாங்கும்? நாளைக்கு என்னைக் குறை சொல்லக் கூடாது."

"ஏழு மாசம் தாங்கினாப் போதும். புள்ள பொறந்து பதினாறாம் நாள் தீட்டுக் கழிச்சதும் வந்து உங்க இஷ்டத்துக்கு ஓட்டை போடுங்க. குறை சொல்ல மாட்டேன்" என்றேன்.

தரை அழகாகத்தான் வந்தது. சாம்பல் நிறம், காலில் ஒட்டிக்கொள்கிற மாதிரி சொரசொரப்பு. என் வீட்டுக்காரர் முதல் நாள் வெறும் காலோடு போய்விட்டு வந்து, "ரோடு மாதிரி இருக்கு" என்றார். தரையை அவருக்காகப் போட்டேன், துளையைப் பிள்ளைக்காகத் தடுத்தேன், இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. சரஸ்வதிக்குப் போன் போட்டு அதையும் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவர், "லேசா ஆடுது சாமுண்டி" என்றார். நான் போய்க் கோப்பையை அழுத்திப் பார்த்தேன். வலது பக்கம் மயிரிழை அளவு சாய்ந்து திரும்பியது. சிமெண்டில் ஒரு கீறல் ஓடியிருந்தது. பாயைக் கூப்பிட்டால் டிரில்லைத் தூக்கிக்கொண்டு வருவார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஐஸ்கிரீம் டப்பா மூடியைக் கத்தரியால் வெட்டி, மடித்து, அந்தச் சந்தில் செருகினேன். ஆட்டம் நின்றது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வாடை வரத் தொடங்கியது. ஃபினாயில் ஊற்றினேன். நிவேதிதா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாள். வாடை ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைத்தாய்ச்சி அல்லவா என்று அவள் அறை வாசலில் ஊதுவத்தி கொளுத்தி வைத்தேன். உள்ளே அவள் அழுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வாந்தி எடுக்கிறாள் என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அவள் கதவை ஒரு சாண் திறந்து வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் அத்தை" என்றாள்.

மூடியை மாற்றி மாற்றிச் செருகினேன். இரண்டாவது மூடி, மூன்றாவது மூடி. என் வீட்டுக்காரர் புகார் சொல்வதை விட்டுவிட்டார். ஏழு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று அவரும் முடிவு செய்திருக்க வேண்டும்.

தரை போட்டு மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. நிவேதிதாவுக்கு மாங்காய் ஊறுகாய் போடலாம் என்று நான் காலையிலேயே கிளம்பி, நியூட்டனில் ரயில் மாறி, தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு மாங்காயாக மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அசோக்தான். "அப்பா டாய்லெட்ல விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ்ல போறாங்க. நிவி கூடப் போறா."

நடந்தது இதுதான். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்திருக்கிறார். பாரம் முழுவதும் நல்ல பக்கமான வலது பக்கம்தான் போகும், வேறு பக்கம் ஏது? கோப்பை வலது பக்கம் பெயர்ந்து சாய்ந்துவிட்டது. கையில் கம்பி நிற்கவில்லை. அறைக்குள் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நிவேதிதா சத்தம் கேட்டு ஓடிவந்து, தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு காசால் திருப்பித் திறந்து (அப்படித் திறக்கலாம் என்பதே எனக்குத் தெரியாது), அந்த ஈரத்திலும் அசுத்தத்திலும் மண்டியிட்டு, அவரைத் தன் மடியில் இழுத்துப் போட்டு, இடுப்புக்கு ஒரு துண்டைச் சுற்றிவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அவரைப் பற்றி இல்லை. "வயித்துப் புள்ளையோட அவரை எதுக்குத் தூக்கினே? பக்கத்து வீட்டைக் கூப்பிட வாயில்லையா உனக்கு?" என்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் கத்தினேன். அவள் டிராக்சூட்டின் முழங்காலில் இன்னும் ஈரம் இருந்தது.

உடைந்தது வலது இடுப்பு. நல்ல பக்கம். ஆபரேஷன் செய்தார்கள். இடது பக்கத்தின் நிலைமைக்கு இனிமேல் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் பதமாகச் சொன்னார். நான் ஆஸ்பத்திரி நடையிலேயே நின்று காதர் பாய்க்குப் போன் போட்டேன். "நல்லா வேலை செஞ்சீங்க பாய், என் புருஷனை முடமாக்கிட்டீங்க" என்றேன். குறை சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த அதே வாய். அவர் அதை ஞாபகப்படுத்தவில்லை. சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டில் ஓரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

என் வீட்டுக்காரர் முதலில் நர்ஸைத் தொடவே விடவில்லை. டயப்பர் மாற்ற வந்தால் போர்வையை ஒற்றைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். முப்பத்தொரு வருடம் யூனிஃபார்மில் ஒரு சுருக்கம் விழாமல் வேலைக்குப் போன மனுஷன். நான்காம் நாள் நான் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். "என்னாலதான். நாலு ஓட்டை போட விட்டிருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அவர் என் கையைப் பிடித்தார். "விடு. நீ புள்ளைக்காகத்தானே செஞ்சே. என் இடுப்பு போனாப் போகுது, அது நல்லபடியாப் பொறக்கட்டும்." அன்றைக்கு நர்ஸ் வந்தபோது போர்வையை விட்டுவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும், "தாத்தாவா ஆகப்போறேன்ல, பழகிக்கிறேன். பேரனுக்கும் எனக்கும் சேத்தே டயப்பர் வாங்கிட வேண்டியதுதான்" என்று நர்ஸிடம் தமாஷ் பேச ஆரம்பித்தார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் அசோக் எழுந்து வெளியே போய்விடுவான். அப்பாவைப் பார்க்கத் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் ஓடியது. நிவேதிதா தொளதொள சட்டையில் வந்து போனாள். வயிறு தெரியவில்லை. தலைச்சனுக்குச் சீக்கிரம் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினேன். லிஃப்ட் பதினோராம் மாடியில் திறந்ததுமே அந்தச் சத்தம் கேட்டது. டிரில். என் வீட்டிலிருந்துதான். செருப்போடு உள்ளே ஓடினேன். கோப்பையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காதர் பாய் தரையில் குந்தியிருந்தார். குழாய் வாயில் புதிய வளையம், மூன்று ஸ்க்ரூ இறங்கிவிட்டன. பக்கத்தில் அசோக் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நிறுத்துங்க பாய். யாரு உங்களை வரச் சொன்னது?"

"நான்தாம்மா" என்றான் அசோக். "நாத்தம் தாங்கல. அப்பா நாளைக்கு வர்றாரு."

"உனக்கு அறிவு இருக்காடா? வயித்துப் புள்ளக்காரிய வீட்ல வச்சுக்கிட்டு டிரில்லா? போன தடவை ஒரு ஆணிக்கே போச்சு."

"அத்தை."

நிவேதிதா எனக்குப் பின்னால் நின்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "அடிக்கட்டும் அத்தை. வயித்துல ஒண்ணுமில்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நான் கேட்டது என்ன தெரியுமா? "இந்த டிரில்லாலயா?" என்று கேட்டேன். பட்டும் புத்தி வராத ஜென்மம்.

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அது போயி ரெண்டு மாசம் ஆகப்போகுது. தரை போடுறதுக்குப் பத்து நாள் முன்னாடி ஸ்கேனுக்குப் போனோம்ல, அன்னைக்கே ஹார்ட்பீட் இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் அசோக்கைப் பார்த்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "சொன்னா என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும் அத்தை. எதையாவது தேடிக் கண்டுபிடிச்சு, நான்தான் வாரிக் குடுத்தேன்னு சொல்வீங்க. அதை இன்னொரு தடவை கேக்க எனக்குத் தெம்பு இல்ல. கொஞ்ச நாள் கழிச்சுச் சொல்லிக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள மாமா விழுந்துட்டாங்க. அப்புறம் அவங்க பேசுறதைக் கேட்டு, எப்படிச் சொல்றது?"

வாரிக் குடுத்தாள். நான் சொன்ன அதே வார்த்தையை ஒரு வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

நான் கழிப்பறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். தரை போடும் முன்னால் இரண்டு பேரும் டிரில் போடட்டும் என்று என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு இந்த வீட்டில் காப்பாற்றுவதற்குப் பிள்ளையே இல்லை. இல்லாத பிள்ளைக்காக நாலு துளையைத் தடுத்து, இருந்த மனுஷனைக் கீழே தள்ளியிருக்கிறேன். என் வாயைக் கண்டு பயந்து ஒரு பெண் நாலு சுவருக்குள்ளே அழுதிருக்கிறாள், நான் வெளியே ஊதுவத்தி கொளுத்தியிருக்கிறேன்.

காதர் பாய் யாரையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, இன்னும் ஒரு ஸ்க்ரூ பாக்கி இருக்கு. போடட்டா?" என்று கேட்டார்.

"போடுங்க பாய்" என்றேன்.

டிரில் இறங்கியது. பாய் சொன்னது சரிதான். ஒரு ஓட்டைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கோப்பையைத் தூக்கி வைத்து முடுக்கிவிட்டு, "உக்காந்து பாருங்கக்கா" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்கம் முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினேன். அசையவே இல்லை.

மறுநாள் அவரைக் கொண்டுவந்து ஹாலில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். படுத்த இடத்திலிருந்து கழிப்பறைக் கதவு தெரியும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புது டயப்பரும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அசோக் சொன்னான், சரி பண்ணிட்டாங்களாமே. இப்ப ஆடுதா?"

"ஆடலைங்க."

"ஓட்டை போட்டாங்களா?"

"போட்டாங்க."

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். முகத்தில் நிஜமான பயம். "ஏன் சாமுண்டி விட்டே? புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

நிவேதிதா சமையலறை வாசலில் நின்றாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஆகலைங்க" என்றேன். "நல்லா இருக்கு."

"அப்ப சரி" என்று சொல்லி அவர் போர்வையைத் தானே விலக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தோதாக ஒருக்களித்துக் கொடுத்தார்.